பக்கத்து வீட்டுப் புகை

மேடையில் அமர்ந்திருக்கும் தொழிலாளர் மன்றத் தலைவர் சங்கையா அவர்களே, பஞ்சாயத்து மெம்பர் சித்ரா அவர்களே, எருத்தேன்பதியில் விடியுமுன் பஸ் ஏறி, உடுமலை, மறையூர் வழியாக மலையேறி வந்திருக்கும் பூபதிராஜா அண்ணனின் தந்தை அப்புசாமி அவர்களே, முன்வரிசையில் இருக்கும் பூபதி அண்ணனின் மனைவி செல்வப்பிரியா அண்ணி அவர்களே, ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கும் ஃபேக்டரி நண்பர்களே, கொழுந்துச் சாக்கை வாசலில் இறக்கிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

கூட்டம் பெரியது. இவ்வளவு பேர் வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. நாற்காலிகள் போதவில்லை. கதவருகே நிற்பவர்களை எண்ணினேன். முப்பத்தொன்பது பேர். எண்ணும்போது எனக்கு அழுகை வரவில்லை. வேறொன்று வந்தது.

அந்த வேறொன்றின் பெயரைத்தான் நம் பூபதிராஜா பத்து ஆண்டுகளாகச் சேகரித்தார்.

நோட்டீஸில் 'சொல்லாய்வாளர் பூபதிராஜா' என்று போட்டிருக்கிறார்கள். மலையாளத்திலும் தமிழிலும். மன்றம் கொடுத்த பட்டம். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, தென்னந்தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்து, பிறகு இந்த மலைக்கு வந்து, டீ ஃபேக்டரியில் சுற்றுலாக்காரர்களுக்கு வழிகாட்டியான ஒருவருக்கு! அதே நோட்டீஸில் பேச்சாளர் வரிசையில் என் பெயர் இருக்கிறது. பாண்டித்துரை. முன்னால் 'திரு'. நான் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்தவன். ஆய்வை மூன்றாம் ஆண்டில் கைவிட்டவன். அதே ஃபேக்டரியில், அவருக்கு இரண்டு ஆண்டு பின்னால் அதே வேலைக்குச் சேர்ந்தவன்.

நோட்டீஸை நான்கு முறை படித்தேன். நான்கு முறையும் அதே இடத்தில் நின்றேன்.

அவர் என்ன செய்தார் என்று தெரியாதவர்கள் சிலர் இங்கே இருக்கலாம். அவர்களுக்காகச் சொல்கிறேன்.

வெளிநாட்டுக்காரர்களை நாங்கள் கொழுந்து வாட்டும் அறையிலிருந்து அழைத்துப் போவோம். ரோலர், டிரையர், சலிக்கும் இடம். கடைசியில் சுவை பார்க்கும் மேசை. அங்கே கோப்பைகளை வரிசையாக ஊற்றி வைத்துவிட்டு ஏதாவது பேச வேண்டும். எல்லா வழிகாட்டிகளும் ஒரே கேள்வியைத்தான் கேட்போம். 'உங்கள் மொழியில் தேநீருக்கு என்ன சொல்வார்கள்?' பூபதி அண்ணனும் முதல் சீசனில் அதைத்தான் கேட்டார். டீ, தே, சாய். போலந்துக்காரர்கள் மட்டும் ஹெர்பாத்தா. அத்தோடு முடிந்தது.

பிறகு ஒரு நாள் அந்த மேசையில் ஒரு பிரெஞ்சுக் கணவனும் மனைவியும் சண்டை போட்டார்கள். கணவன் எங்கள் கைடு பெண் ஒருத்தியிடம் ஏதோ சிரித்துப் பேசிவிட்டாராம். மனைவி கோப்பையைத் தட்டென்று வைத்து ஒரு சொல் சொன்னாள். நம் அண்ணன் என்ன செய்தார்? நாமாக இருந்தால் கூரையைப் பார்த்திருப்போம். அவர் குனிந்து, மரியாதையாக, 'அது என்ன சொல்லுங்க?' என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'ஜலூசி' என்று எழுதிக் கொடுத்தாள். பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரர், 'அது எங்கள் ஊரில் ஜன்னலில் தொங்குவது' என்றார். மேசையே கலகலத்தது.

பொறாமை. அன்றிலிருந்து அந்த ஒரு கேள்விதான். டீ பாக்கெட் அட்டையை வெட்டி, வெள்ளைப் பக்கத்தில் சொல்லை எழுதி, சாம்பிள் டப்பாவில் அடுக்குவார். பழைய தகர டப்பா. நம் எல்லோருக்கும் தெரிந்த டப்பா.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. மூணு வாய். ஒரு சொல்லை ஒருவர் சொன்னால் அட்டையில் ஒரு புள்ளி. அந்தப் பதிலைக் கேட்டிராத இன்னொருவர் சொன்னால் இரண்டாவது புள்ளி. மூன்று புள்ளி விழும்வரை அந்தச் சொல்லை மேசையில் சொல்ல மாட்டார். 'ஒரே ஊட்டுக்காரங்க பத்துப் பேரு சொன்னாலும் ஒரு வாய்தானுங்க' என்பார். புருஷனும் பொண்டாட்டியும் ஒரு புள்ளி. ஒரு பஸ் நிறைய ஸ்பெயின்காரர்கள் வந்தாலும், ஒரே பஸ் என்றால் ஒரு புள்ளி!

எந்தப் பல்கலைக்கழகம் அவருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது? எனக்குச் சொல்லிக் கொடுத்தது. நான் பரீட்சையில் எழுதினேன். செய்ததில்லை.

அந்த டப்பாவில் என்ன இருந்தது? பெரும்பாலும் ஒரே ஒரு சொல் இருந்தது. கிரேக்கத்தில் ஸேலோஸ். கொதிப்பு, ஆர்வம், போட்டி எல்லாம் அதற்குப் பொருள். அது மேற்கே நடந்தது. இத்தாலியில் ஜெலோசியா. பிரான்சில் ஜலூசி. இங்கிலாந்தில் ஜெலஸ். அதே வேரிலிருந்து அங்கே 'ஸீல்' என்றொரு சொல். அதற்குப் பொருள் ஊக்கம். ஸ்பெயினில் ஒருமையில் செலோ என்றால் அக்கறை. பன்மையில் செலோஸ் என்றால் பொறாமை. பலகைத் தட்டி அடித்த ஜன்னலுக்கு பிரெஞ்சுக்காரர்கள் ஜலூசி என்றே பெயர் வைத்தார்கள். உள்ளே இருப்பவர் தெருவைப் பார்க்கலாம். தெருவில் போகிறவர் உள்ளே பார்க்க முடியாது. ஜெர்மன்காரர்கள் ஜன்னலை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். பொறாமைக்குச் சொந்தமாக ஒன்று வைத்திருந்தார்கள். ஆர்வமும் நோயும் ஒட்டிய சொல். சுவீடனில் அது கருப்பு நோய். ஹங்கேரியில் அதற்குள் பயம் இருக்கிறது, இழந்துவிடுவோமோ என்ற பயம்.

போர்ச்சுகல் பெண் ஒருத்தி, 'எங்கள் மொழியில் அதே வேரிலிருந்து ஸெலடோர் என்று வருகிறது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் காவலாளிக்கு அந்தப் பெயர்' என்றாள். மூன்றாவது புள்ளி விழுந்த அன்று பூபதி அண்ணன் கேட்டுக்கே ஓடினார். நம் வாட்ச்மேன் முனீஸ்வரன் அண்ணன் அங்கே உட்கார்ந்திருந்தார். இதோ, தூணோரம் நிற்கிறார்.

'ஏனுங்க முனீஸ்வரண்ணா, போர்ச்சுகல்ல உங்களுக்கு என்ன பேரு தெரியுங்களா?'

'என்னவே?'

'பொறாமைக்குப் பெரியப்பன் பையனுங்க நீங்க.'

'போவே அங்கிட்டு. ராத்திரி பூரா முழிச்சிக் கெடக்குறவனப் பாத்து எவனுக்குவே பொறாமை வரும்?'

சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான். அன்று நானும் சிரித்தேன்.

இன்னொன்று. பின்லாந்துக்காரர்கள் பொறாமைக்காரனை 'கருப்புக் காலுறைக்காரன்' என்பார்கள். முஸ்தசுக்காயினென். மூன்று வாய் கிடைத்த சொல், சொல்லலாம். எங்கள் கைடு யூனிஃபார்மில் கருப்புக் காலுறை. அந்தச் சொல் கிடைத்த அன்று அவர் தன் காலைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார்.

'தம்பி, கம்பெனியே நம்ம ரெண்டு பேருக்கும் பாத்துக் குடுத்திருக்குதுங்க.'

விளையாட்டாகச் சொன்னார். நான் அன்று வீட்டுக்குப் போய்க் காலுறையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் எறிந்தேன்.

அவர் சேர்த்த சொற்களெல்லாம் என் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தன. இரண்டாம் மாடி, வடக்குச் சுவர், ஒரு முழு அடுக்கு அகராதிகள். மூன்று ஆண்டு அந்த அடுக்கைத் தாண்டி நடந்திருக்கிறேன். எடுத்துப் பார்த்ததில்லை. அந்தச் சொற்களைப் பேசுகிறவர்களோ இந்த மலைக்கு விமானம் ஏறி வந்து, டீ குடித்து, அவரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்! ஏன் அவரிடம்? ஏன் அவரிடம் மட்டும்? நானும் அதே மேசையில் நின்றேன். என் ஆங்கிலம் அவர் ஆங்கிலத்தைவிட நல்லது. அவர் 'ங்க' போட்டு ஆங்கிலம் பேசுவார், உங்களுக்குத் தெரியும். 'ப்ளீஸ் டேஸ்ட்டுங்க.' அவர்கள் அவரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். என்னிடம் கேமராவைக் கொடுத்தார்கள்.

என் அம்மா குருவம்மாள், இந்தத் தோட்டத்தில் முப்பத்தோரு ஆண்டு கொழுந்து எடுத்தவள், ஒரு நாள் சொன்னாள். 'ஏலே, அந்தக் கோயமுத்தூர்க்காரன் மாதிரி நீயும் ரெண்டு வார்த்தை எழுதி வச்சிருக்கலாம்லா? படிச்சவன் நீதானல?'

'அவரு கோயமுத்தூர் இல்லம்மா. பாலக்காடு.'

'எந்த ஊரானா என்ன. எழுதுதாம்லா.'

இனி நான் சொல்லப்போவது எழுதிக்கொண்டு வந்த தாளில் கடைசியாகச் சேர்த்தது.

ஆறு ஆண்டுக்கு முன்னால், ஒரு ஜனவரி. டப்பாவில் அன்று இருபத்துமூன்று மொழிகள். ஐஸ்லாந்து இல்லை. அந்தத் தீவிலிருந்து இங்கே யாரும் வருவதில்லை. நான் போனில் தேடினேன். அவர்கள் மொழியில் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு சொல். புகைக்கு ஒரு சொல். இரண்டையும் ஒட்டினேன். மறுநாள் காலை அவரிடம் போய்ச் சொன்னேன். 'அண்ணே, நேத்து என் குரூப்பில ஒரு ஐஸ்லாந்துக்காரர் வந்தாரு. அவங்க மொழியில பொறாமைக்குப் பக்கத்து வீட்டுப் புகைன்னு பேராம்.'

ஐஸ்லாந்துக்காரர் யாரும் வரவில்லை.

ஏன் செய்தேன்? அவருடைய டப்பாவில் ஒரு பொய் கிடக்க வேண்டும் என்று நினைத்தேன். எப்போதாவது ஒரு நாள் அது வெளியே தெரிந்து, டப்பா முழுவதும் பொய் என்று ஆக வேண்டும். அவ்வளவுதான். இதைவிட அழகாக என்னிடம் காரணம் இல்லை.

அவர் என்ன செய்தார்? என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கையாலும்.

'தம்பி, என்ன சொல்லுங்க அது! பக்கத்து ஊட்டுப் பொகை! நம்ம ஊட்டு அடுப்பு எரியாதப்பத்தானுங்க அது கண்ணுக்குத் தெரியும்!'

நான் நினைக்காததை அவர் கண்டுபிடித்தார். என் பொய்யிலும்.

உடனே அட்டை வெட்டினார். சொல்லை எழுதினார். கீழே, 'முதல் வாய்: பாண்டித்துரை தம்பி மூலம்' என்று எழுதினார். ஒரு புள்ளி வைத்தார்.

பிறகு இரண்டாவது வாயைத் தேட ஆரம்பித்தார்.

அதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். ஒவ்வொரு குழுவிலும், ஒவ்வொரு நாளும், மேசையில் கோப்பைகளை வைத்துவிட்டு, 'உங்களில் ஐஸ்லாந்துக்காரர் யாராவது இருக்கிறீர்களா?' குஜராத்திக் குடும்பங்களிடம்கூடக் கேட்டார். கோட்டயத்திலிருந்து வந்த கல்யாணக் கூட்டத்திடம் கேட்டார். யாருக்காவது அங்கே மகளோ மருமகனோ இருக்கலாம் அல்லவா? ஃபேக்டரியில் அவருக்கு 'ஐஸ்' என்று பேராகிவிட்டது. பாக்கிங் செக்‌ஷன் பெண்கள் ஜன்னல் வழியாகக் கூப்பிடுவார்கள். 'ஐஸண்ணே, இன்னைக்காச்சும் உருகுச்சா?' 'இல்லீங்கம்மிணி, இன்னும் கட்டியாத்தான் இருக்குதுங்க.' சிரித்துக்கொண்டே சொல்வார். காதுமடல் சிவந்திருக்கும்.

நான் அந்தக் காதுமடலைப் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு என் குழுவை அழைத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

நோய்க்காலத்தில் ஃபேக்டரிக்கு யாரும் வரவில்லை. இரண்டு சீசன் மேசை காலி. அப்போதும் டப்பாவைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர்கள் வந்தார்கள்.

போன ஆண்டுக்கு முந்தின நவம்பர். எங்கள் அறையில் ஒரு கரும்பலகை உண்டு. முறைப் பலகை. யாருக்கு எந்த மணி, யாருக்கு எந்தக் குழு என்று காலையில் வந்து அவரவர் பெயரை அவரவரே சாக்பீஸால் எழுத வேண்டும். ஒருவர் பெயரில் மற்றவர் கை வைப்பதில்லை. அந்த அறையில் இருக்கும் ஒரே சட்டம் அது. மேனேஜர்கூட அந்தப் பலகையைத் தொட மாட்டார். சண்டை வந்து இரண்டு மாதம் பேசாமல் இருந்த வழிகாட்டிகள்கூட அந்தச் சட்டத்தை மீறியதில்லை.

அன்று பதினொரு மணி: பூபதிராஜா. பன்னிரண்டு மணி: நான். புக்கிங் ரெஜிஸ்டரைப் புரட்டினேன். பதினொரு மணி, இரண்டு பேர், நாடு: ஐஸ்லாந்து.

அவர் கேன்டீனில் இருந்தார். நான் அவர் பெயரைச் சட்டைக் கையால் அழித்தேன். அவர் பெயரைப் பன்னிரண்டுக்கு எழுதினேன். என் பெயரைப் பதினொன்றுக்கு.

அவர் வந்து பலகையைப் பார்த்தார். தன் பெயரின் 'ஜா'வுக்கு நீளமாக வால் போடுவது அவர் வழக்கம். என் 'ஜா'வுக்கு வால் இல்லை.

'என் எழுத்தாட்டம் இல்லியேங்க தம்பி?'

'மேனேஜர் மாத்தச் சொன்னாருண்ணே.'

'அப்புடீங்களா.'

அவ்வளவுதான். நாற்பது பேர் கொண்ட ஒரு பள்ளிக்கூடக் குழுவைக் கூட்டிக்கொண்டு போக உட்கார்ந்து காத்திருந்தார்.

வந்தவர்கள் வயதான தம்பதி. மேசையில் நான் கேட்டேன். அவர்கள் மொழியில் பொறாமைக்கு உள்ள சொல்லைச் சொன்னார்கள். அது வேறு சொல். பிறகு நான் ஒட்டவைத்த சொல்லைச் சொல்லி, இப்படி ஒன்று உண்டா என்று கேட்டேன். அந்த அம்மா அதை மெதுவாக இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு சொன்னாள். 'பக்கத்து வீட்டுப் புகையா? எங்கள் ஊரில் வீட்டிலிருந்து புகையே வராதே. பூமிக்கு அடியிலிருந்து வரும் வெந்நீரில்தானே வீட்டைச் சூடாக்குகிறோம்.'

நண்பர்களே! புகையே வராத ஊருக்குப் புகை அனுப்பியிருக்கிறேன். லயத்தில் பிறந்தவன் செய்யக்கூடிய தவறு. ஒரே கூரைக்குக் கீழே ஆறு வீடு, ஆறு விறகடுப்பு, பாதிச் சுவர். பக்கத்து வீட்டில் கருவாடு சுட்டால் நம் வீட்டுச் சோற்றில் அந்த வாசனை. உலகம் முழுவதும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். அந்தச் சொல் ஐஸ்லாந்தின் சொல் அல்ல. நம் நாலாம் நம்பர் லயத்தின் சொல்.

மறுநாள் அவர் ரெஜிஸ்டரைப் பார்த்திருந்தார்.

'தம்பி, நேத்து ஐஸ்லாந்துக்காரங்க வந்திருந்தாங்களாமா?'

'ஆமாண்ணே.'

'கேட்டீங்களா?'

'மறந்துட்டேண்ணே.'

அவர் சாக்பீஸை எடுத்தார். தன் பெயரை எழுதினார். 'ஜா'வுக்கு வால் போட்டார். 'பரவால்லீங்க. அடுத்தாப்புல வருவாங்க' என்றார்.

அவருக்குத் தெரிந்திருந்ததா? இந்தக் கேள்வியை மூன்று வாரமாக என்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன். தெரிந்திருந்தும் என்னை மன்னித்தார் என்று சொன்னால் நன்றாக இருக்கும். கூட்டம் கண்கலங்கும். அவரை மகானாக்கிவிட்டு நான் வீட்டுக்குப் போய்விடலாம். சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரியாது. அவர் நம்பினார். நம்பி, கடைசி நாள்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசி நாள். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. டச்சுக்காரர்கள் ஐந்து பேர். நான்கு கோப்பை ஊற்றினார். ஐந்தாவதை ஊற்றவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேசையோரம் உட்கார்ந்தார். ஜீப்பில் ஏற்றினோம். மலை இறங்குமுன் முடிந்துவிட்டது. நாற்பத்துநான்கு வயது.

பத்து நாள் கழித்து அண்ணி டப்பாவை மன்றத்துக்குக் கொடுத்தார். புத்தகமாகப் போட வேண்டும் என்று தலைவர் முடிவு செய்தார். யார் பார்த்துத் தொகுப்பது? படித்தவன் இருக்கிறானே. டப்பா என் வீட்டுக்கு வந்தது.

அந்த ஒரு அட்டையை எடுத்து அடுப்பில் போட்டிருக்கலாம். எடுத்தேன். கையில் வைத்திருந்தேன். அப்போதுதான் இந்த ஃப்ளெக்ஸ் வந்தது.

எனக்குப் பின்னால் தொங்குகிறது, பாருங்கள். அவர் படம். சிரிக்கிறார். கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி. 'பக்கத்து வீட்டுப் புகை. ஐஸ்லாந்தில் பொறாமைக்கு இதுவே பெயர்.' புத்தகத்துக்கும் அதுதான் தலைப்பு. அச்சுக்குப் போக இன்னும் ஒன்பது நாள்.

நேற்று மாலை அண்ணி வீட்டுக்குப் போனேன். இதைச் சொல்லத்தான் போனேன். அண்ணி எனக்குக் காபி கொடுத்தார். நான் வாயைத் திறக்குமுன் அவர் பேசினார்.

'அவருக்கு அந்த ஒண்ணுதானுங்க ரொம்பப் புடிச்சது. ஊட்டுல எங்களுக்கு மட்டும் சொல்லுவாரு. வெளிய சொல்லப்படாதும்பாரு, மூணு வாய் ஆகலைன்னு. அதனாலதானுங்க நானே பெரிசா எழுதி மாட்டச் சொன்னேன். இனியாச்சும் நாலு பேரு பாக்கட்டும்னு.'

நான் காபியைக் குடித்தேன்.

'உங்களப் பத்தித்தானுங்க எப்பவும் பேச்சு. தம்பியாட்டம் படிச்சிருந்தா நானெல்லாம் எங்கியோ போயிருப்பேன்னு சொல்லுவாரு. சொல்றப்ப மூஞ்சி ஒரு மாதிரி போயிருமுங்க.'

அதைக் கேட்டதும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அவர் இறந்த பிறகு எனக்கு வந்த முதல் மகிழ்ச்சி. அவருக்கும் என்மீது அது இருந்தது! இதை மறைக்க மாட்டேன். இறந்தவருடைய வீட்டில், இறந்தவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, நான் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியோடு எப்படிச் சொல்வேன்? சொல்லாமல் வந்துவிட்டேன்.

அண்ணி, இப்போது சொல்லிவிட்டேன். தனியாகச் சொல்லியிருக்க வேண்டியது. வீட்டில் சொன்னால் நீங்கள் என்னைத் தேற்றியிருப்பீர்கள். இங்கே யாரும் தேற்ற மாட்டார்கள். மேலும், அவரைக் கேலிக்கு ஆளாக்கியது இந்த ஃபேக்டரி முழுவதற்கும் முன்னால். அந்தக் கணக்கும் இவர்களுக்கு முன்னால்தான் தீர வேண்டும்.

ஒன்று மட்டும் எனக்கே தெளிவாகவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே வந்து உட்கார்ந்ததிலிருந்து இந்தச் சிவப்பு வரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நல்ல வரி. என் வாழ்க்கையில் நான் உண்டாக்கிய ஒரே நல்ல வரி. அது இன்னொருவர் படத்துக்குக் கீழே இருக்கிறது. அதைப் பொய் என்று சொல்லும்போதே, அது என்னுடையது என்றும் சொல்லிக்கொள்கிறேனா? குற்றத்தை ஒப்புக்கொள்கிறேனா, பங்கு கேட்கிறேனா? தெரியவில்லை. இரண்டும் இருக்கலாம். பார்த்தீர்களா, இவ்வளவு பேசிய பிறகும் அது போகவில்லை.

ஆனால் அந்தப் பங்கை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்த வரி புத்தகத்தில் உண்மைச் சொல்லாக வராது. அவர் டப்பாவிலும் இருக்காது. மூன்று வாய் இல்லாத சொல் பூபதிராஜாவின் படத்துக்குக் கீழே தொங்கக் கூடாது. அவர் உயிரோடு இருந்திருந்தால் ஏணி போட்டு அவரே அவிழ்த்திருப்பார். முனீஸ்வரண்ணே, கூட்டம் முடிந்ததும் ஏணியைக் கொண்டு வாருங்கள். படம் இருக்கட்டும். கீழ்ப்பக்கத்தை மட்டும் மடித்துக் கட்டுகிறேன்.

புத்தகத்தின் பெயரை அண்ணி சொல்லட்டும். அப்புசாமி ஐயா சொல்லட்டும். நான் சொல்ல மாட்டேன். என் பெயர் அதில் எங்கும் வர வேண்டாம். ஒரே ஓர் இடத்தைத் தவிர. அந்தப் பழைய ஐஸ்லாந்து அட்டையை அவர் எழுதியபடியே, 'பாண்டித்துரை தம்பி மூலம்' என்பதோடு, குறுக்கே கோடு போட்டு, கடைசிப் பக்கத்தில் அச்சிட வேண்டும். பொய்ச் சொல் என்று அதன் கீழே எழுத வேண்டும். இது தலைவருக்கு என் விண்ணப்பம்.

ஐஸ்லாந்துக்கு இன்று காலை ஒரு புது அட்டை வெட்டினேன். அந்த அம்மா சொன்ன உண்மையான சொல்லை எழுதினேன். புருஷனும் பொண்டாட்டியும் ஒரு வாய். ஒரு புள்ளி வைத்தேன். அந்தச் சொல் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். போனில் தேடிப் பாருங்கள், கிடைக்கும். நான் சொல்ல மாட்டேன். இன்னும் இரண்டு வாய் வேண்டும். அதுவரை அந்தச் சொல்லை இந்த ஊரில் யார் முன்னாலும் நான் சொல்லப்போவதில்லை. புத்தகம் வெளிவருமுன் கிடைக்காவிட்டால் அந்த இடம் காலியாக வரட்டும்.

சொல்லாய்வாளர் பூபதிராஜா அவர்களே! இந்தப் பட்டம் சொல்லி முதல் முறையாக உங்களைக் கூப்பிடுகிறேன். கசக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். சொல்லாய்வாளர் பூபதிராஜா அவர்களே, நாளைக் காலை முறைப் பலகையில் என் பெயரை நான் எழுதுவேன். பதினொரு மணிக்கு நேராக. உங்கள் மேசையில் ஐந்து கோப்பையும் ஊற்றுவேன். ஊற்றிவிட்டு உங்கள் கேள்வியைக் கேட்பேன். பாக்கிங் செக்‌ஷன் அக்காமார்களே, ஜன்னலைத் திறந்து வையுங்கள். அவரைக் கூப்பிட்ட பெயரால் என்னைக் கூப்பிடுங்கள். உருகியதா என்று கேளுங்கள். என் காது சிவக்கிறதா என்று பாருங்கள்.

இதுவரை அந்தக் கேள்வியை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நாளைக்கு வாய் வர வேண்டும். அதனால் உங்கள் அனுமதியோடு இங்கேயே ஒருமுறை கேட்டுப் பார்க்கிறேன். கதவருகே நிற்பவர்களுக்கும் கேட்கட்டும்.

உங்களில் ஐஸ்லாந்துக்காரர் யாராவது இருக்கிறீர்களா?